வெந்நீர்ப் பை தெரியும்... அது சுட்டதே தெரியாத தோல் தெரியுமா?

திருவொற்றியூரில் புல்லட் வண்டி தயாரிக்க ஆரம்பித்தது 1956-ல். அன்று முதல் வடசென்னையில் எத்தனை கெண்டைக்காலில் சைலன்சர் முத்திரை குத்தியிருக்கும் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. என் காலிலும் ஒன்று இருக்கிறது, பழைய ஐம்பது பைசா அகலத்துக்கு. பட்ட மாத்திரத்தில் கால் விலகிவிடும், அப்புறம்தான் ‘ஆ’ என்று சத்தம் வரும். ஏன் இந்த வரிசை தெரியுமா? தோலிலிருந்து கிளம்பும் சேதி முதுகுத்தண்டைத் தொட்டதுமே அங்கிருந்தே ‘இழு’ என்று உத்தரவு வந்துவிடுகிறது. மூளைக்குத் தகவல் போவது அதற்குப் பிறகுதான். ராயபுரம் ஸ்டேஷனில் ரயில் கிளம்பிய பின் மூச்சிரைக்க ஓடிவரும் பயணி மாதிரி, மூளை லேட்டாக வந்து ‘சுட்டுடுச்சா?’ என்று கேட்கிறது!

சரி, சேதியே அனுப்பாத தோல் ஒன்று இருந்தால்? ரத்தம் ஓடும், வளரும், வியர்வை படியும், ஆனால் கொதிக்கும் பாத்திரத்தை அதன்மேல் வைத்தாலும் வாய் திறக்காது. அப்படி ஒரு தோலோடு நம் தெருக்களில் பெண்கள் நடமாடுகிறார்கள் என்றால் நம்புவீர்களா?

வயிறு மேலே ஏறிய கதை

சென்னைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். அதற்காக மார்பகத்தை எடுத்துவிட்டால், அந்தப் பெண்ணின் உடம்பிலிருந்தே இன்னொன்றைச் செய்துகொடுக்க முடியும் என்பது தெரியுமா? தொப்புளுக்குக் கீழே இருக்கும் தோலையும் கொழுப்பையும் அப்படியே எடுத்து மார்பில் வைக்கிறார்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள ரத்தக் குழாய்களை மைக்ராஸ்கோப்பின் கீழே, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைத்து இணைக்கிறார்கள். வயிற்றின் பிரசவக் கோடுகள் மார்புக்குக் குடிபோகின்றன! இன்னொரு கூத்தும் உண்டு. உடம்பு பருத்தால் அந்த மார்பகமும் சேர்ந்து பருக்கும். இடம் மாறினாலும் அது தொப்பைக் கொழுப்புதானே, குணம் எப்படி மாறும்?

முதுகுத் தசையைத் தோலோடு அக்குள் வழியாகத் திருப்பி முன்னால் கொண்டுவரும் முறையும் இருக்கிறது. இத்தாலியரான தான்சினி 1906-லேயே இதை எழுதி வைத்துவிட்டார். சிலருக்குக் கையை அசைக்கும்போது அந்த மார்பகம் லேசாகத் துடிக்கும். பயப்பட ஒன்றுமில்லை, முதுகுத் தசை பழைய வேலையை மறக்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது வழிக்கு வாருங்கள், இதுதான் நம்ம ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும். 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் மாம்மன் மாப்பிள்ளை என்பவர் குழந்தைகள் விளையாடும் பலூன் செய்ய ஆரம்பித்தார். அந்தக் கொட்டகைதான் பிற்பாடு எம்.ஆர்.எஃப். ஆனது என்பது பலருக்குத் தெரியும். 1957-ல் அமெரிக்காவில் நியூமன் என்ற டாக்டரும் ஒரு ரப்பர் பலூனை எடுத்தார், தெரியுமா? ஊதி விளையாட அல்ல, ஒருவரின் தோலுக்கு அடியில் வைத்துத் தைக்க! கொஞ்சம் கொஞ்சமாக அதை ஊதிப் பெரிதாக்க, மேலே இருந்த தோலும் வளர்ந்தது. கர்ப்பிணியின் வயிற்றுத் தோல் மாதம் மாதம் வளர்ந்து இடம் கொடுப்பதில்லையா, அதே கணக்கு. அந்தத் தோலை வைத்து அவர் காது செய்தார். 1970-களில் ராடோவன் என்ற டாக்டர் சிலிக்கான் பலூன் கொண்டுவந்தார். இன்று மார்பகம் எடுத்த இடத்தில் பலூனை வைத்து, சில நாள் இடைவெளி விட்டு ஊசியால் உப்புநீர் ஏற்றி, தோல் போதுமான அளவு வளர்ந்ததும் பலூனை எடுத்துவிட்டுச் சிலிக்கான் பையை வைக்கிறார்கள்.

(பலூன் உள்ளே இருக்கும் மாதங்களில் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு யாராவது அனுப்பினால் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். ஊசி போடும் இடத்தைக் கண்டுபிடிக்க அதற்குள் பெரும்பாலும் ஒரு காந்தம் இருக்கும். ஸ்கேன் மெஷினும் ஒரு பெரிய காந்தம்!)

கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி வாசலில்

பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம் வளர்ந்துதான் ஸ்டான்லி மருத்துவமனை ஆனது. ராயபுரத்தில் பெரியவர்கள் வாயில் இன்னும் அது ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’தான். தோலை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்தும் கலையில் அந்த ஆஸ்பத்திரியின் பெயர் உலகப் பாடப்புத்தகத்தில் ஏறியிருக்கிறது, தெரியுமா? துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் மெஷினில் விரல் கொடுத்தவர்கள் தினம் தினம் வந்து நின்றார்கள். டாக்டர் ஆர். வெங்கடசாமி அவர்களுக்காகவே அங்கே கை அறுவைப் பிரிவை வளர்த்தார். சாய்வாக நறுக்கப்பட்ட விரல் நுனியை, அதே விரலின் பக்கவாட்டுத் தோலை முக்கோணமாக வெட்டி முன்னே நகர்த்தி மூடும் முறையை அவரும் சுப்பிரமணியனும் 1980-ல் வெளியிட்டார்கள். இன்றும் உலகம் முழுக்க டாக்டர்கள் அதைச் செய்கிறார்கள்.

அந்த முறையின் அழகு எங்கே இருக்கிறது என்றால், முக்கோணத் தோல் தன் நரம்போடும் ரத்தக் குழாயோடும் சேர்ந்தே நகர்கிறது. அதனால் விரல் நுனிக்கு உணர்ச்சி மிஞ்சுகிறது. உழைக்கிற கைக்கு அதுதானே முக்கியம்? வயிற்றிலிருந்து மார்புக்குப் போகும் தோலுக்கு இந்தக் கொடுப்பினை பெரும்பாலும் கிடையாது. ரத்தக் குழாயைத் தைத்துவிடுகிறார்கள், நரம்பு அறுந்தது அறுந்ததுதான். சில பெரிய மையங்களில் நரம்பையும் இணைக்கிறார்கள், ஆனால் எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை. பலூன் வைத்தவருக்கு மேலே இருப்பது அவருடைய பழைய மார்புத் தோல்தான். ஆனாலும் அடியில் இருந்த திசுவை வழித்து எடுக்கும்போது நரம்பும் போய்விடுகிறது. அறுந்த நரம்பு மறுபடி வளரும் வேகம் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். ஓரத்திலிருந்து உணர்ச்சி மெல்ல ஊர்ந்து வர மாதங்கள், வருடங்கள் ஆகும். நடுப்பகுதி பலருக்குக் கடைசிவரை மரத்தே கிடக்கும்.

இல்லாதது அரிக்கிறது, இருப்பது சுடவில்லை!

இப்போது தலை சுற்றும் விஷயம். அதே ஸ்டான்லியில் எம்.பி.பி.எஸ். படித்தவர் வி.எஸ். ராமச்சந்திரன். அமெரிக்கா போய், துண்டித்த கை இன்னும் இருப்பதாக ஏன் தோன்றுகிறது என்று ஆராய்ந்து உலகப்புகழ் பெற்றார். கை இழந்தவரின் கன்னத்தை அவர் பஞ்சுக் குச்சியால் தொட்டபோது, ‘என் விரலைத் தொடுகிறீர்கள்’ என்றாராம் அந்த நோயாளி. மூளையின் வரைபடத்தில் கையும் முகமும் பக்கத்துப் பக்கத்து வீடு. காலியான வீட்டுக்குள் பக்கத்து வீட்டுச் சத்தம் கேட்கிறது!

மார்பகம் எடுத்த பெண்களுக்கும் இது நடக்கும். எடுத்துப்போன மார்பகம் அரிக்கும், கனக்கும், வலிக்கும். சொன்னால் வீட்டில் நம்பமாட்டார்கள், ‘மனப்பிரமை’ என்பார்கள். பிரமை இல்லை, நரம்பின் வேலை. ஆக, உடம்பில் இல்லாத மார்பகம் அரிக்கிறது, கண்ணெதிரே இருக்கும் மார்பகத்தில் தீ பட்டாலும் தெரியவில்லை. இதைவிட விசித்திரமான குடித்தனம் உண்டா?

நம்ம ஊர் ஒத்தடம் இருக்கிறதே...

வடசென்னையில் யாருக்காவது ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்தால் என்ன நடக்கும்? எதிர்வீட்டு ஆயா வந்து கட்டில் ஓரத்தில் உட்காருவார். ‘இன்னாம்மா, தோள்பட்ட இழுத்துப் புடிக்குதா? இரு, ஒத்தடம் குடுத்தா சரியாப் பூடும்.’ இரும்புச் சட்டியில் கல்லுப்பு படபடவென்று பொரியும். அதைப் பழைய வேட்டித் துணியில் கொட்டி முடிச்சுப் போடுவார். முதலில் தன் புறங்கையில் ஒற்றிப் பார்ப்பார், ‘உஸ்’ என்று உதறிவிட்டு ஒரு நிமிஷம் ஆறவிடுவார். பிறகு, ‘சூடு தாங்குதா கண்ணு?’

‘தாங்குது ஆயா.’

தாங்கத்தான் செய்யும்! தோளில் வைத்த மூட்டை மார்புப் பக்கம் சரிந்தால் அந்தப் பெண்ணுக்குச் சூடே தெரியாது. ஆயாவின் அன்பில் குறையில்லை, ஒத்தடத்திலும் குறையில்லை. ஆனால் ஒத்தடம் என்ற வைத்தியமே நோயாளி ‘போதும், சுடுது’ என்று சொல்வார் என்ற நம்பிக்கையில்தான் நடக்கிறது. சொல்ல வேண்டிய தோல் ஊமையாகிவிட்டால் தவிடும் செங்கல்லும் உப்பும் மணலும் எல்லாமே ஆபத்துதான். வெந்நீர்ப் பையும் மின்சார ஒத்தடப் பட்டையும் மறுசீரமைத்த மார்பகத்தைக் கொப்புளிக்க வைத்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கின்றன. படித்தவர், படிக்காதவர் என்ற பேதமெல்லாம் அதில் இல்லை. பையை வைத்துக்கொண்டு தூங்கியிருப்பார்கள், காலையில் துணி மாற்றும்போதுதான் கொப்புளத்தைப் பார்த்திருப்பார்கள்.

தோலைச் சுட எவ்வளவு சூடு வேண்டும் தெரியுமா? கொதிக்க வேண்டிய அவசியமே இல்லை. 1947-ல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பன்றித் தோலிலும் மனிதத் தோலிலும் சோதித்துக் கணக்குப் போட்டுவிட்டார்கள். 70 டிகிரி செல்சியஸ் என்றால் ஒரு விநாடி போதும், 60 என்றால் ஐந்து விநாடி. 44 டிகிரிதானே, நம் சித்திரை வெயில் அளவுதானே என்கிறீர்களா? அதே சூடு ஆறு மணி நேரம் ஒட்டிக்கொண்டே இருந்தால் அதுவும் தோலைக் கொன்றுவிடும்! ‘இளஞ்சூடாத்தான் வச்சேன்’ என்பதெல்லாம் ராத்திரி முழுக்க வைத்தால் செல்லாது.

இதற்கு மேலே ஒரு கோளாறு. சாதாரணத் தோலில் சூடு பட்டால் நரம்பு கட்டளையிட்டு ரத்தக் குழாய்கள் விரியும், ரத்தம் வேகமாக ஓடிச் சூட்டை அள்ளிக்கொண்டு போகும். மோட்டார் இன்ஜினுக்கு ரேடியேட்டர் மாதிரி. நரம்பறுந்த தோலில் அந்த வேலையும் மந்தமாகிவிடுகிறது. எச்சரிக்கை மணியும் அடிக்காது, தண்ணீர் ஊற்ற ஆளும் வராது. பக்கத்துத் தோல் சிவப்பதோடு தப்பிக்கும் அதே சூட்டில் இது வெந்துபோகும்.

எண்ணூரிலிருந்து வேலூருக்கு ஒரு சின்னத் தாவல்

மிளகாயும் நெருப்பும் நம் நரம்புக்கு ஒன்றுதான் என்பது தெரியுமா? காசிமேட்டு மீன்குழம்பு நாக்கில் ‘எரிகிறது’ என்கிறோமே, அது வெறும் உவமை இல்லை. சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறக்கும் ஒரு வாசல் நரம்பு நுனியில் இருக்கிறது. மிளகாயின் காரப் பொருளும் அதே வாசலைத்தான் திறக்கிறது. டேவிட் ஜூலியஸ் 1997-ல் அதைக் கண்டுபிடித்தார், 2021-ல் ஆர்டெம் படபூட்டியனோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மிளகாய் அரைத்த கை மறந்துபோய் மார்பில் பட்டால் எரிய வேண்டும். எரியவில்லை என்றால் அங்கே அந்த வாசலில் காவலாளி இல்லை.

காவலாளி இல்லாத உடம்பு என்ன பாடு படும் என்று உலகத்துக்குச் சொன்னவரும் நம் மாநிலத்துக்காரர் மாதிரிதான். பால் பிராண்ட், 1914-ல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய டாக்டர். 1946 முதல் வேலூர் சி.எம்.சி.யில் வேலை பார்த்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி விழுவதாகத்தான் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவர்களுக்கு வலி தெரியாததால் சூட்டையும் வெட்டையும் கவனிக்காமல் விட்டு விரல் போகிறது என்று நிரூபித்தவர் அவர். அதில் ஒரு திகில் கதையும் உண்டு. ராத்திரி நன்றாக இருந்த விரல் காலையில் காணாமல் போனது! விடிய விடிய உட்கார்ந்து பார்த்தபோது, தூங்கும் நோயாளியின் மரத்துப்போன விரலை எலி கொறித்துக்கொண்டிருந்தது. என்ன வைத்தியம் செய்தார்கள் தெரியுமா? வீட்டுக்குப் போகும் நோயாளி ஒவ்வொருவருக்கும் ஒரு பூனை கொடுத்து அனுப்பினார்கள்!

பிற்பாடு அமெரிக்காவில் அவர் ஒரு ‘செயற்கை வலி’ மெஷின் செய்து பார்த்தார். அழுத்தம் அதிகமானால் எச்சரிக்கும் கையுறை. தோற்றுப்போனது. ஏன் என்றால், வேலை ஆக வேண்டுமே என்று நோயாளிகள் அந்த அலாரத்தை அணைத்துவிட்டார்கள். வலியைப் பற்றி நான் படித்ததில் இதைவிட மனிதத்தனமான தகவல் இல்லை. நாமும் அணைத்திருப்போம்.

முழங்கை என்ற தர்மாமீட்டர்

மெஷின் தோற்ற இடத்தில் அம்மாக்கள் ஜெயித்திருக்கிறார்கள். குழந்தையைக் குளிப்பாட்டும்முன் தொட்டித் தண்ணீரில் முழங்கையை முக்கிப் பார்ப்பார்களே, அதே பழக்கத்தை இப்போது தனக்கே செய்துகொள்ள வேண்டியதுதான். உள்ளங்கையை நம்பாதீர்கள். ஐம்பது வருஷம் தோசைக்கல்லைத் தொட்ட கை, மீன் கூடை தூக்கிக் காய்த்துப்போன கை, அதற்குச் சூடெல்லாம் ஒரு பொருட்டா?

எந்த முழங்கை என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. அக்குளில் நெறிக்கட்டியை எடுக்கும்போது அந்த வழியாகப் போகும் ஒரு நரம்பு அறுபடலாம். அப்போது அந்தப் பக்கத்து மேல்கையின் உட்புறமும் அக்குளும் சேர்ந்து மரத்துவிடும். அதனால் ஆபரேஷன் ஆகாத பக்கத்து முழங்கையால்தான் பார்க்க வேண்டும். அக்குளில் பிளேடு வைப்பதையும் விட்டுவிடுவது நல்லது. வெட்டியது தெரியாது, ரத்தம் ஜாக்கெட்டில் ஊறிய பிறகுதான் தெரியும். வேண்டுமானால் மின்சார டிரிம்மர் போதும்.

மரத்த இடம் மார்பு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள்! வயிற்றிலிருந்து தோல் எடுத்தால் அடிவயிறும், முதுகிலிருந்து எடுத்தால் முதுகும் மரத்திருக்கும். மாதவிலக்கு வலிக்கு வெந்நீர்ப் பை வைக்கும் இடம் எது? அடிவயிறு. மேடையில் இறக்கிவைத்த சூடான குக்கர்மேல் சாய்வது எது? அதே அடிவயிறு.

பார்சல் டீ, கறுப்பு நைட்டி, தாலியில் ஊக்கு

மெத்தப் படித்த கையேடுகளில் இல்லாத ஆபத்துகள் நம் தெருவில் இருக்கின்றன. டோல்கேட் பக்கம் டீக்கடையில் பாலித்தீன் கவரில் பார்சல் டீ வாங்கி, ஒரு கையில் பன் பொட்டலம், இன்னொரு கையில் பிள்ளை, டீ கவரை மார்போடு அணைத்துக்கொண்டு ரோட்டைக் கடக்கும் பெண்ணைத் தினம் பார்க்கலாம். சுட்டால் யாரும் உடனே கை மாற்றிவிடுவார்கள். சுடுவது தெரியாதவர் வீடு வரை அணைத்தபடியே போவார். ஒரு தூக்குவாளி வாங்கினால் தீர்ந்தது.

கேஸ் அடுப்பு மேடை எந்த உயரத்தில் இருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? கடுகு வெடித்தால் எண்ணெய் தெறிப்பது மார்பின் மேல்தான். இட்லிக் குண்டானைத் திறந்தால் ஆவி ஏறுவதும் அங்கேதான். ஆடி மாதம் அம்மன் கோயிலில் அண்டா அண்டாவாகக் கூழ் கிண்டும்போது, குனிந்து துடுப்புப் போடுபவர்களின் நெஞ்சுக்கு எவ்வளவு அனல் அடிக்கிறது! புதிதாக ஆபரேஷன் முடிந்தவர் இந்த வருஷம் துடுப்பை மருமகளிடம் கொடுத்துவிட்டு ஊற்றும் வேலையைப் பார்க்கட்டும், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். அடுப்படியில் நைலான் நைட்டி வேண்டாம், பருத்தியில் கனமான ஏப்ரன் ஒன்று போதும்.

வெயிலை மட்டும் விட்டுவிடுவோமா? துணியைத் தாண்டியும் வெயில் சுட்டிருக்கிறது, தெரியுமா? கடற்கரையில் நீச்சல் உடையோடு வெயில் காய்ந்த பெண்களுக்கு, உடைக்கு உள்ளே இருந்த மறுசீரமைத்த மார்பகம் மட்டும் கொப்புளித்த சம்பவங்கள் மேலைநாட்டு மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. கறுப்புத் துணி சூட்டை உறிஞ்சி உறிஞ்சி உள்ளே அனுப்பும். நம் பெண்கள் வெயில் காய்வதில்லைதான். ஆனால் காசிமேடு ஏலத்தில் மே மாத வெயிலில் மணிக்கணக்காக நிற்கிறார்கள், எண்ணூரில் கருவாடு காயப்போடுகிறார்கள். கறுப்பு, கருநீல ஜாக்கெட்டை அன்றைக்கு ஒதுக்கி வைத்து, வெளிர் நிறத் தளர்ந்த பருத்தி போட்டு, மேலே துண்டு ஒன்றும் போர்த்திக்கொள்ளலாம். கதிர்வீச்சு சிகிச்சை எடுத்திருந்தால் இது இன்னும் முக்கியம். அந்தத் தோல் மெலிந்து, வறண்டு, வியர்க்க மறந்திருக்கும்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய ஆபத்து. தாலிக்கயிற்றில் நாலைந்து ஊக்கு மாட்டி வைப்பது எந்த வீட்டில் இல்லை? அவசரத்துக்கு உதவும் அந்த ஊக்கு திறந்துகொண்டு நாள் முழுக்கக் குத்தினாலும் மரத்த தோல் சொல்லாது. ஊக்கைச் சுருக்குப் பையில் வையுங்கள், தாலி தாலியாக மட்டும் இருக்கட்டும். இறுக்கமான பிராவின் கம்பியும் அப்படித்தான், அழுத்திப் புண்ணாக்கிய பிறகே தெரியும். டாக்டர் சொல்லும்வரை கம்பி இல்லாததுதான் சரி. கொசு கடித்தால்கூடத் தெரியாது. வடசென்னையில் இது ஒன்றுதான் இந்தத் தோலின் லாபக் கணக்கு!

எதிர்ப்பக்கமும் உண்டு. ஐஸ் கட்டியும் மரத்த தோலைப் ‘பொசுக்கும்’. வீக்கத்துக்கு நல்லது என்று ஐஸ் பையை நேரடியாக வைத்துவிட்டுத் தூங்கக் கூடாது. சிலிக்கான் பை வைத்தவர்கள் கடலிலோ மழையிலோ நனைந்துவிட்டு வந்தால், உடம்பெல்லாம் சூடான பிறகும் மார்பு மட்டும் ஜில்லென்று இருக்கும். சிலிக்கானுக்குச் சூடு ஏற நேரமாகும், நோய் ஒன்றும் இல்லை.

பிளாஸ்திரி பிரிக்கவும் ஒரு முறை இருக்கிறது என்றால் சிரிப்பீர்கள். ‘சர்ரென்று இழுத்தால் வலிக்காது’ என்பது நம் வீட்டு வேதம். மெலிந்த தோலில் அது மேல்தோலையும் உரித்துக்கொண்டு வரும். தோலை ஒரு விரலால் அழுத்திப் பிடித்து, பிளாஸ்திரியை மேலே தூக்காமல் தோலோடு ஒட்டினாற்போல் பின்பக்கம் மடித்து மெதுவாகச் சுருட்ட வேண்டும்.

கெளுத்தி முள்

மார்பைக் காப்பாற்றினால் போதுமா, கை இருக்கிறதே! நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கையில் நிணநீர் வடியும் வழி குறைந்துவிடுகிறது. அந்தக் கையில் சின்னக் கீறல் சீழ் பிடித்தாலும் கை வீங்கி, வீக்கம் அப்படியே தங்கிவிடலாம். யானைக்காலைப் பார்த்த ஊர் நம்முடையது, அதே நிணநீர் அடைப்புதான் இங்கே கையில்.

முன்பெல்லாம் அந்தக் கையில் ஊசியே போடக் கூடாது, ரத்த அழுத்தம் பார்க்கவே கூடாது என்று பயமுறுத்துவார்கள். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை 2016-ல் வெளியிட்ட ஆய்வு என்ன சொன்னது தெரியுமா? ஊசிக்கும் ரத்த அழுத்தப் பட்டைக்கும் விமானப் பயணத்துக்கும் வீக்கத்தோடு தொடர்பு தெரியவில்லை. தோலில் கிருமித்தொற்று வந்தவர்களுக்குத்தான் வீக்கம் கூடியது. இன்னொரு கை சும்மா இருக்கும்போது அதில் ஊசி போட்டுக்கொள்வதில் தப்பில்லை, ஆனால் பயப்பட வேண்டியது மீன் முள்ளுக்கு.

காசிமேட்டில் மீன் வெட்டித் தரும் அக்காக்களைப் பாருங்கள். கெளுத்தியின் முதுகு முள், இறால் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசி, நண்டின் கொடுக்கு, எல்லாம் கையில்தான் ஏறும். கடல் தண்ணீரில் வாழும் சில கிருமிகள் காயம் வழியாகப் புகுந்தால் கை ஒரே நாளில் வீங்கிவிடும். அந்த வேலைக்குத் திரும்பும் அக்கா, அந்தப் பக்கத்துக் கைக்குத் தடித்த ரப்பர் கையுறை போட்டே ஆக வேண்டும். ‘கிளவுஸ் போட்டா வழுக்குது’ என்பார்கள், நியாயம்தான். உள்ளங்கையில் சொரசொரப்பு வைத்த கையுறை வழுக்காது. முள் குத்திவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, ராத்திரிக்குள் சிவந்தாலோ, சுட்டாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ, விடியும்வரை காத்திருக்காமல் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன்பே செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு, புகையிலையை நிறுத்துவது. ‘நான் பீடி குடிக்கலையே, வெத்தலையோட ஒரு துண்டு போடறேன், அவ்ளோதான்’ என்கிற பாட்டிக்கும் இது பொருந்தும். வாயில் அடக்கினாலும் நிகோடின் நிகோடின்தான். அது ரத்தக் குழாயைச் சுருக்கும். இரண்டு மில்லிமீட்டர் குழாயை நம்பி உயிர்வாழும் தோலுக்கு அது கழுத்தில் கை வைத்த மாதிரி.

இவ்வளவும் செய்தும் சுட்டுவிட்டால்? பேஸ்ட் வேண்டாம், மை வேண்டாம், இட்லி மாவு வேண்டாம், ஐஸும் வேண்டாம். குழாயைத் திறந்து, ஓடும் சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிஷம். குழாயில் தண்ணீர் வராத நாள் என்றால் குடத்திலிருந்து சொம்பு சொம்பாக ஊற்றுங்கள். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடிக்கொண்டு, ஆபரேஷன் செய்த டாக்டரையே பாருங்கள். வலிக்கவில்லையே என்று தள்ளிப்போடக் கூடாது. இந்தத் தோல் வலிக்காமல்தான் வேகும்.

அதனால் வலி பார்க்க வேண்டிய வேலையைக் கண் பார்க்கிறது. சர்க்கரை வியாதிக்காரர்கள் ராத்திரி படுக்கும்முன் பாதத்தைப் புரட்டிப் பார்ப்பது போல, தினம் ஒரு தடவை நல்ல வெளிச்சத்தில் மார்பின் அடிமடிப்பு, பக்கவாட்டு, அக்குள், தோல் எடுத்த இடம் எல்லாம் பார்க்க வேண்டும். சிவப்பா, கொப்புளமா, கீறலா, காலையில் இல்லாத கறுப்பா? அடிமடிப்பு நேராகக் குனிந்து பார்த்தால் தெரியாது.

ஆகவே வாசகர்களே, உங்கள் தெருவிலும் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய ஓர் அக்கா இருப்பார். பார்க்கப் போகும்போது ஆர்லிக்ஸ் வாங்குங்கள், சாத்துக்குடி வாங்குங்கள், வெந்நீர்ப் பை மட்டும் வேண்டாம். அந்தக் காசுக்குக் கைப்பிடி வைத்த ஒரு முகக்கண்ணாடி கிடைக்கும். அதை வாங்கிக்கொண்டு போங்கள்.